தோட்டாவுக்கு இலக்கணம் வகுத்த குதிரைக்காரர்

டர்ட்டி ஹாரி என்ற ஆங்கிலப் படம் 1971-ல் வெளிவந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் போலீஸ் இன்ஸ்பெக்டராக நடித்தார். படம் பார்த்தவர்கள் கதையை மறந்திருக்கலாம். அவர் கையில் இருந்த நீளமான ரிவால்வரை மறந்திருக்க மாட்டார்கள். 44 மாக்னம் என்று அதற்குப் பெயர்.

அந்தத் துப்பாக்கியும் அதற்கான தோட்டாவும் பிறக்கக் காரணமாக இருந்தவர் யார் தெரியுமா? பெரிய என்ஜினீயர் அல்ல. ராணுவத் தளபதி அல்ல. கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்ல. முரட்டுக் குதிரைகளைப் பழக்கியும், மாடு மேய்த்தும், வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியும் வயிறு வளர்த்த ஒரு மனிதர். அவர் பெயர் எல்மர் கீத்.

கைத்துப்பாக்கிக்கு எந்த மருந்து, எந்தக் குண்டு என்ற கேள்விக்கே தன் ஆயுளைக் கொடுத்தவர் அவர். அந்தக் கேள்வி ஒரு தடவை அவர் உயிரையே வாங்கப் பார்த்தது!

தீயில் வெந்த சிறுவன்

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், ஹார்டின் என்ற சிற்றூரில் 1899 மார்ச் 8-ந் தேதி எல்மர் கீத் பிறந்தார். பிழைப்புத் தேடி அவர் குடும்பம் மேற்கே மொன்டானா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே மிசூலா நகரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியில் தீப்பிடித்தது. கீத் அப்போது சிறுவன். உடம்பெல்லாம் வெந்து போயிற்று. பிழைக்க மாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பிழைத்துக்கொண்டான்.

புண் ஆறியது. இடது கை மட்டும் கோணிக்கொண்டு உதவாமல் போயிற்று. அந்தக் கையை உடைத்து நேராக வைத்துக் கட்டும்படி அவன் பெற்ற தகப்பனையே கேட்டுக்கொண்டான். தகப்பனாரும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அப்படியே செய்தார். மயக்க மருந்து கிடையாது! கீத் பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கையோடுதான் அவர் குதிரை ஏறினார். துப்பாக்கியும் பிடித்தார்.

கிழவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்

அந்த நாளில் மொன்டானாவில், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்கள் பலர் வயதாகி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களே கீத்துக்கு வாத்தியார்கள்.

அவர்கள் காலத்து ரிவால்வரில் இன்று உள்ளதுபோல் ஆயத்தத் தோட்டா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து அழுத்தி, பின்னால் ஒரு கேப் வைத்துச் சுட வேண்டும். எவ்வளவு மருந்து, என்ன குண்டு என்பதைச் சுடுகிறவனேதான் முடிவு செய்ய வேண்டும்.

கூர்முனைக் குண்டு ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும், உருண்டைக் குண்டுதான் ஆளை நிறுத்தும் என்று அந்தக் கிழவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். குண்டின் முனை எப்படி இருக்க வேண்டும் என்ற சிந்தனை கீத்துக்கு அப்போதே பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவில்லை.

இடுப்பில் துப்பாக்கி எதற்கு?

நம் வாசகர்கள் கேட்கலாம்: ரைபிள் இருக்கும்போது ரிவால்வர் எதற்கு?

கீத் பார்த்த வேலை அப்படி. மலையில் குதிரைமேல் சாமான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கன்றுக்குட்டியைப் பிடிக்க வேண்டும். வேலி போட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ரைபிளைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. அது சேணத்தோடு தொங்கும். குதிரை ஓடிவிட்டால் ரைபிளும் போயிற்று. இடுப்பில் இருப்பதுதான் சமயத்துக்குக் கூட இருக்கும்.

ஒருமுறை முரட்டுக் குதிரை ஒன்று அவரைக் கீழே தள்ளியது. கால் அங்கவடியில் சிக்கிக்கொண்டது. குதிரை அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. இடுப்பு ரிவால்வரை உருவி, அந்தக் குதிரையைச் சுட்டுத்தான் அவர் உயிர் தப்பினார். கரடி உலவும் காடு, அடிபட்ட மிருகம், வெறிபிடித்த மாடு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே துப்பாக்கிதான் துணை.

ஆகவே அவருக்கு வேண்டியது காகித இலக்கில் ஓட்டை போடும் தோட்டா அல்ல. பெரிய மிருகத்தின் எலும்பை உடைத்து ஆழமாக இறங்கும் தோட்டா. கடையில் அது கிடைக்கவில்லை. தானே செய்தார்.

வெடித்துச் சிதறிய ரிவால்வர்

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள் உண்டு. பித்தளைக் குப்பி, அதன் அடியில் நெருப்புக் கொடுக்கும் கேப், உள்ளே மருந்து, மேலே ஈயக் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் குப்பி மிச்சம். அதில் புதுக் கேப் அடித்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டு வைத்து மூடினால் மறுபடியும் தோட்டா. இதைத்தான் கைத்தோட்டா கட்டுவது என்கிறோம். சம்பளக்காரனுக்கு இதில் சிக்கனமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

1925 ஜூலை 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். கீத் அப்போது ஐடஹோ மாநிலம் வீசரில் இருந்தார். காலையில் மாடித் தாழ்வாரத்தில் நின்று, கொண்டாட்டமாகத் தன் 45 கோல்ட் ரிவால்வரை வானத்தை நோக்கிச் சுட்டார். அதில் இருந்தவை அவரே கட்டிய தோட்டாக்கள். ரைபிளுக்கான கனத்த குண்டு, அதன் அடியில் நெருக்கி அடைத்த கருமருந்து.

சில வெடிகள் ஒழுங்காகப் போயின. அடுத்த வெடியில் கை அதிர்ந்தது. பார்த்தால் ரிவால்வரின் மேல்பாதியைக் காணோம்! சுழலும் உருளையில் பாதியும், அதற்கு மேலே உள்ள இரும்புப் பட்டையும் பறந்துவிட்டன. கையும் கண்ணும் தப்பியது தெய்வச் செயல்.

வேறு ஒருவராக இருந்தால் அன்றோடு அந்த வேலைக்கே முழுக்குப் போட்டிருப்பார். கீத் உடைந்த துப்பாக்கியை மேஜைமேல் வைத்து ஆராய்ந்தார். 45 ரிவால்வரின் உருளையில் ஆறு அறைகள். துளை பெரிது, ஆகவே அறைகளைச் சுற்றியுள்ள இரும்பு மெலிது. அதே உருளையில் 44 அளவுத் துளை போட்டால்? துளை சிறிது, இரும்பு தடிமன். கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும்.

அன்று முதல் 44 ஸ்பெஷல் என்ற தோட்டாவைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பவுன் எடையில் ஒரு குண்டு

அடுத்து குண்டு. 1928-ல் அவர் ஒரு குண்டின் வடிவத்தை வரைந்தார். லைமன் கம்பெனி அதற்கு வார்ப்பு அச்சு செய்தது. அச்சின் நம்பர் 429421. குண்டின் எடை சுமார் 250 கிரெய்ன். நம் கணக்கில் 16 கிராம், அதாவது இரண்டு பவுன்.

அந்தக் குண்டின் லட்சணங்களைப் பாருங்கள்.

முனை கூராக இல்லை. தட்டை. பட்ட இடத்தில் சதையை விலக்கிக்கொண்டு நழுவாமல், வெட்டிக்கொண்டு நேராக இறங்கும்.

உடம்பில் ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள். குழலின் உள்ளே உள்ள வரிகளை அவை நன்றாகப் பற்றிக்கொள்ளும். குண்டு தள்ளாடாது.

பட்டைகளுக்கு இடையே ஆழமான ஒரு பள்ளம். அதில் கொழுப்பும் மெழுகும் கலந்த பசை நிரம்பும். குழலில் ஈயம் ஒட்டாமல் இருக்க அந்தப் பசை வேண்டும்.

மேலே இன்னொரு பள்ளம். பித்தளைக் குப்பியின் வாயை அதில் மடக்கி அழுத்துவார்கள். இது சிறிய விஷயம்போல் தெரியும். ஆனால் பலமான ரிவால்வரைச் சுடும்போது அது பின்னால் உதைக்கும். அந்த உதையில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நகர்ந்து வெளியே நீட்டினால் உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும். எதிரே கரடி நிற்கும்போது உருளை சிக்கினால் என்ன கதி?

ஈயத்தின் பதமும் முக்கியம். வெறும் ஈயம் மிருதுவானது. வேகமாகத் தள்ளினால் குழலின் உள்ளே இழுசிக்கொள்ளும். அப்புறம் குறி தவறும். மிகவும் கெட்டியாக்கினால் எலும்பில் பட்டு உடையும். 16 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது கீத் விரும்பிய கலவை. தட்டான் தங்கத்தில் செம்பு சேர்ப்பதுபோல் இதுவும் ஒரு கணக்கு.

ஓலையா, புளியங்கட்டையா?

குண்டு ஆயிற்று. அதைத் தள்ள மருந்து எது?

கருமருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. நம் கோவில் திருவிழா வேட்டுக்கும் அதுதான். புகை அதிகம், கசடு அதிகம். குப்பி நிறையப் போட்டாலும் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு.

பிறகு வந்தது புகையில்லா மருந்து. அதிலும் பல ரகங்கள். சில சட்டென்று எரிந்து தீரும். சில நின்று எரியும். அடுப்பில் ஓலையைப் போட்டால் பக்கென்று எரிந்து அணைகிறது. புளியங்கட்டையோ நிதானமாக எரிந்து உலையைக் கொதிக்க வைக்கிறது. அதேபோலத்தான்.

வேகமாக எரியும் மருந்தில் ஒரு சிட்டிகை போதும். செலவு குறைவு. லேசான குண்டுக்கும் இலக்குப் பயிற்சிக்கும் அது சரி. ஆனால் கனத்த குண்டை அதனால் விரட்ட நினைத்தால், குண்டு நகர்வதற்குள் அழுத்தம் உச்சிக்கு ஏறிவிடும். இரும்பு பிளக்கும். இன்னொரு அபாயமும் உண்டு. கொஞ்சமாகப் போடும் மருந்து குப்பியின் அடியில் கிடக்கும். கவனக்குறைவாக இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வெளியே தெரியாது.

மெதுவாக எரியும் மருந்து குண்டைக் குழல் நெடுகத் தள்ளிக்கொண்டே போகும். கனத்த குண்டுக்கு அதுவே ஏற்றது. கூட்ஸ் வண்டியை ஓட்டும் டிரைவர் ரெகுலேட்டரை ஒரேயடியாகத் திறக்க மாட்டார். இணைப்பு அறுந்துவிடும். சிறிது சிறிதாகத்தான் வேகம் ஏற்றுவார். அந்த நியாயம்தான் இங்கேயும்.

1930-களின் தொடக்கத்தில் ஹெர்குலிஸ் கம்பெனி 2400 என்ற நம்பரில் ஒரு மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது சிறிய ரைபிள் தோட்டாவுக்காகத் தயாரானது. கீத் அதை 44 ஸ்பெஷல் குப்பியில் போட்டுப் பார்த்தார். தேடிய மருந்து கிடைத்துவிட்டது! 250 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,200 அடி வேகத்தில் பறந்தது.

இந்த அனுபவங்களை எல்லாம் அவர் பத்திரிகைகளில் எழுதினார். 1936-ல் ரிவால்வர் தோட்டாக்களைப் பற்றித் தனிப் புத்தகமே வந்தது. அவருக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர்கள் திருத்த வேண்டியிருந்தது. ஆனால் விஷயத்தைத் திருத்த ஆள் இல்லை.

அரசாங்க முத்திரை

இரண்டாவது உலகப் போர் வந்தது. யூடா மாநிலம் ஆக்டன் ஆயுதக் கிடங்கில் கீத் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். சீர்செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பரிசோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். ஆக்டனைக் குறிக்கும் எழுத்துகளோடு அவர் பெயரின் முதலெழுத்துகளும் அந்த முத்திரையில் இருந்தன. இன்றும் அந்த முத்திரை உள்ள துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஆபீசில் கையெழுத்துப் போடுகிற நமக்கு இதன் அருமை தெரியும். எங்கோ ஒரு சிப்பாயின் உயிர் அந்த முத்திரையை நம்பி இருக்கிறது.

அசைந்துகொடுத்த கம்பெனிகள்

போர் முடிந்ததும் பழைய கோரிக்கையைக் கீத் மறுபடியும் கிளப்பினார். தான் வீட்டில் கட்டும் பலமான 44 தோட்டாவைக் கம்பெனிகளே செய்து விற்க வேண்டும் என்பது கோரிக்கை. வருஷக்கணக்காக எழுதினார், பேசினார்.

கம்பெனிகள் தயங்கின. தயக்கத்தில் நியாயம் இருந்தது. நாட்டில் பழைய 44 ஸ்பெஷல் ரிவால்வர்கள் ஏராளம். புதுத் தோட்டாவை யாராவது அதில் போட்டுச் சுட்டால்? 1925-ல் கீத் கையில் நடந்தது பலர் கையில் நடக்கும்.

கடைசியில் வழி கண்டுபிடித்தார்கள். ரெமிங்டன் கம்பெனி குப்பியின் நீளத்தை அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு கூட்டியது. நீளமான தோட்டா பழைய துப்பாக்கியின் உருளைக்குள் முழுசாக நுழையாது. பிரச்சினை தீர்ந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி அதற்கேற்ற பலமான ரிவால்வரைச் செய்தது. 1955 டிசம்பர் கடைசியில் முதல் துப்பாக்கி தயாரானது. 1956 தொடக்கத்தில் ஒன்று கீத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுதான் 44 மாக்னம்!

கீத் மகிழ்ந்தார். ஆனால் குறை சொல்லவும் தவறவில்லை. கம்பெனித் தோட்டாவின் ஈயம் மிருது, குழலில் ஒட்டுகிறது என்றார். தன் துப்பாக்கிக்குத் தன் குண்டையும் 2400 மருந்தையுமே போட்டுக்கொண்டார்.

1964-ல் போலீசாருக்காக 41 மாக்னம் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. எதிர்பார்த்த அளவுக்குப் போலீசார் அதை வாங்கவில்லை.

வம்பும் வழக்கும்

எதிரிகளும் இருந்தார்கள். ஜாக் ஓ'கானர் என்பவர் புகழ்பெற்ற வேட்டை எழுத்தாளர். கல்லூரியில் பாடம் நடத்தியவர். சிறிய குண்டை வேகமாக அனுப்பிச் சரியான இடத்தில் அடித்தால் போதும் என்பது அவர் கட்சி. பெரிய குண்டு, கனத்த குண்டு வேண்டும் என்பது கீத்தின் கட்சி. இருவரும் பல வருஷங்கள் எழுத்தில் மோதிக்கொண்டார்கள். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு என்றுதான் இன்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

நண்பர் ஒருவர் காயப்படுத்திய மானை, அது தப்பி ஓடும்போது 600 கஜ தூரத்தில் 44 மாக்னத்தால் அடித்ததாகக் கீத் எழுதினார். பலர் நம்பவில்லை. நம்பியவர்களில் சிலர், அவ்வளவு தூரத்தில் ரிவால்வரால் சுடலாமா என்று கண்டித்தார்கள். காயப்பட்ட மிருகத்தைத் தவிக்கவிடக் கூடாது என்பதே கீத் சொன்ன காரணம்.

ஆள் குள்ளம். தலையில் பெரிய தொப்பி. வாயில் சுருட்டு. ஐடஹோவில் சாமன் என்ற மலையூரில் மனைவி லொரெய்னோடு வாழ்ந்தார். 1973-ல் சிறந்த கைத்துப்பாக்கி வீரர் என்ற அமெரிக்க விருது முதன்முதலாக அவருக்கே கொடுக்கப்பட்டது. 1981-ல் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் எழுந்து நடமாடவில்லை. 1984 பிப்ரவரி 14-ந் தேதி பாய்சி நகரில் காலமானார்.

மிச்சம் இருப்பது

அவருடைய துப்பாக்கிகள் 2015-ல் ஏலத்துக்கு வந்தன. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்து துப்பாக்கி மட்டுமல்ல. அவர் வரைந்த தட்டைமுனைக் குண்டை அமெரிக்காவில் இன்றும் கீத் குண்டு என்றே அழைக்கிறார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் கனத்த வார்ப்புக் குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் தேர்ந்தெடுப்பது அவர் போட்ட பாதைதான்.

அவர் எழுதிய மருந்து அளவுகளை மட்டும் இன்றைய கையேடுகள் அப்படியே ஏற்பதில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவி அவர் வீட்டில் கிடையாது. இன்று தொழிற்சாலைகளில் அளந்து பார்த்து, பல அளவுகளைக் குறைத்திருக்கிறார்கள். அச்சிட்ட உச்ச அளவுக்குக் கீழே தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும், ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். வாசகர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊர் விட்டு ஊர் வந்து, கிடைத்த வேலையைச் செய்து பிழைத்த குடும்பத்துப் பிள்ளை அவர். பட்டம் இல்லை, பரிந்துரை இல்லை. கையில் இருந்த வேலையை அடிவேர்வரை தெரிந்துகொண்டார். துப்பாக்கி வெடித்தபோது விதியை நோகவில்லை. ஏன் வெடித்தது என்று பார்த்தார். முப்பது வருஷம் கழித்து, இரண்டு பெரிய கம்பெனிகள் அவர் சொன்ன திசைக்கு வந்து சேர்ந்தன.

மருந்தும் குண்டும் நமக்கு வேண்டாம். அந்தப் பிடிவாதமும் அந்தக் கணக்கும் எந்த வேலைக்கும் உதவும்.